சும்மா இருக்கும் சான்றிதழ்

பொதுப்பணித்துறையில் முப்பத்துநாலு வருஷம் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற மறுநாள், திருஞானசம்பந்தம் வழக்கம்போல எழுந்து, வழக்கம்போல சைக்கிளை எடுத்து, வழக்கம்போல ஷட்டருக்குப் போய் நின்றார். நின்ற பிறகுதான் கையில் இரும்புக் கைப்பிடி இல்லை என்பது உறைத்தது. அதை முந்தின நாள் சாயங்காலம் ஆபீசில் ஒப்படைத்து, பதிலுக்கு ஒரு சால்வையும் ஓடாத சுவர்க் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

லஸ்கர் என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை, மதகு திறந்து மூடுகிற ஆள். ஆனால் காரைக்கால் பக்கத்தில் நெரவிக்குக் கிழக்கே இருக்கிற அந்த ஷட்டர் கொஞ்சம் கோளாறு பிடித்தது. இந்தப் பக்கம் நானூறு மா நஞ்சை, அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் கடல். கடல் வத்தும்போது திறந்தால் வயலில் நிற்கிற மழைத் தண்ணீர் வடிந்து போகும். கடல் ஏறும்போது திறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்து பயிரைப் பொசுக்கிவிடும். அந்தக் கடலாவது ஒழுங்காக ஒரே மணிக்கு ஏறி வத்துமா என்றால் அதுவும் கிடையாது. இன்றைக்கு ஒன்பது மணிக்கு வத்தினால் நாளைக்குப் பத்துக்குக் கொஞ்சம் முன்னால், அதற்கு மறுநாள் பத்தே முக்காலுக்குப் பக்கம் என்று தள்ளிக்கொண்டே போகும். சம்பந்தத்திடம் இதற்கு அட்டவணை எதுவும் இல்லை. மதகுக் கல்லில் பாசி எதுவரைக்கும் நனைந்திருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பார், கைப்பிடியை மாட்டித் திருகுவார். ஒரு நாளைக்கு மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேர வேலை.

இரண்டு மணி நேர வேலைக்கு ஒரு முழு ஆள் எதற்கு என்று புதுச்சேரியில் ஓர் அதிகாரி முழுதாக ஒரு வருஷம் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருந்தார். அதனால் சம்பந்தத்தின் இடத்துக்கு ஆள் போடவில்லை, மழைக்காலம் வரும்வரை ஷட்டரை மூடியே போட்டுவிட்டார்கள். இனி அது பகுதிநேரப் பணி. பகுதிநேரப் பணி என்றால் ஓய்வு பெற்றவர்களுக்குத்தான், அதுவும் 'மூத்தோர் பகுதிநேரப் பணிப் பொருத்த மையம்' வழியாகத்தான்.

"அப்ப நல்லதாப் போச்சு. நீங்களும் ஓய்வு பெற்றவருதானே? போயி எழுதிக் குடுங்க" என்றாள் அவர் மனைவி சொர்ணாம்பாள். அந்த நானூறில் மூன்று மா அவள் பேரில் இருந்தது. "ஐப்பசி மழைக்குள்ள அந்தக் கைப்பிடி உங்க கைக்கு வந்துரணும். வேற எவன் கைக்காவது போச்சுன்னா நம்ம மூணு மாவுல உப்புதான் அள்ளணும்."

சம்பந்தம் ஜூன் மாதம் முதல் வாரமே காரைக்காலுக்குப் போனார்.

மையம் ஒரு பிராந்திக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. அறுபது வயது தாண்டியவர்களுக்கான அலுவலகம் என்பதால் முப்பத்திரண்டு படி வைத்துக் கட்டிய கட்டடமாகப் பார்த்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஏறி வருகிறவருக்கு மூச்சு வாங்கினால் 'உடல் தகுதி குறைவு' என்று முதல் பக்கத்திலேயே குறித்துவிடுவார்கள். சம்பந்தம் விஷயம் தெரிந்து கடைசிப் படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனார்.

உள்ளே இருந்த தலைமை ஆலோசகர் குணசேகரன் ஓய்வு பெற்ற துணைத் தாசில்தார். ஓய்வுக்குப் பிறகு தனக்குத் தக்க வேலை கிடைக்காத மனவருத்தத்தில், ஓய்வு பெற்றவர்களுக்குத் தக்க வேலை தேடித்தர ஒரு மையம் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டு, அது வந்ததும் அதிலேயே உட்கார்ந்துகொண்டவர். மையம் ஆரம்பித்த மூன்று வருஷத்தில் அதன் மூலம் வேலை பெற்ற ஒரே மூத்தவர் அவர்தான். பக்கத்தில் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்ற ஷர்மிளா என்று ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு வயது இருபத்துமூன்று. அங்கே நடக்கிற வேலை எல்லாவற்றையும் அவள்தான் செய்தாள்.

"என்ன வேலை எதிர்பாக்கிறீங்க?" என்று கேட்டார் குணசேகரன்.

"ஷட்டர் வேலை சார். நான் பாத்துக்கிட்டிருந்தது."

"அப்படியெல்லாம் நீங்க சொல்லக் கூடாது, சம்பந்தம். உங்களுக்கு எது பொருந்தும்னு நீங்களே முடிவு பண்ணிட்டு வந்தா, அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்?"

காரியம் ஆக வேண்டுமே என்று சம்பந்தம் படிவத்தை வாங்கி நிரப்பினார்.

குணசேகரன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "முதல்ல சும்மா இருக்கும் சான்றிதழ் வேணும். நீங்க தொடர்ந்து தொண்ணூறு நாள் எந்த வேலையும் செய்யாம சும்மா இருந்தீங்கன்னு ரெண்டு கெஜட்டெட் அதிகாரிங்க நேர்ல பாத்துக் கையெழுத்துப் போடணும். வேலை இல்லாதவருக்குத்தானே வேலை? ஏற்கெனவே வேலை செஞ்சுக்கிட்டிருக்கிறவரு இங்க வந்துட்டா அரசாங்கம் ஏமாந்துபோயிரும், பாருங்க."

சம்பந்தம் சான்றிதழ் வாங்க அலைந்த கதை தனி. அரசாங்க ஆபீஸ் ஒன்றின் தாழ்வாரத்தில், அதிகாரியின் கண்ணில் படும்படி, ஆறு நாள் பெஞ்சில் சும்மா உட்கார்ந்தார். ஏழாம் நாள் அந்த அதிகாரி கூப்பிட்டு, "தொண்ணூறு நாள் உங்களையே பாத்தேன்னு நான் கையெழுத்துப் போட்டா, அந்தத் தொண்ணூறு நாளும் நான் என்ன பண்ணினேன்னு மேல கேப்பாங்க. என்னை வம்புல மாட்டிவிடாதீங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இதற்கிடையில் குணசேகரன் கள ஆய்வுக்கு நெரவி வந்தார். முதல் தடவை வந்தபோது சம்பந்தம் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். 'வாகனப் பராமரிப்பு' என்று எழுதி, தொண்ணூறு நாளை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் தடவை சொர்ணாம்பாளுக்கு மொச்சை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். 'உணவு பதப்படுத்துதல்'. மூன்றாம் தடவை சம்பந்தம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைக்கூட அதிகம் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தார். குணசேகரன் எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். குறை எதுவும் அகப்படவில்லை. கடைசியில், வெயிலில் வந்த மனுஷராயிற்றே என்று சம்பந்தம் எழுந்து ஓர் இளநீர் சீவிக் கொடுத்தார். அதை முழுசாகக் குடித்து, வழுக்கையையும் வழித்துத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு 'இளநீர் வியாபாரம்' என்று எழுதினார் குணசேகரன்.

அன்றைக்கு ராத்திரி சம்பந்தத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவமானமாக இருந்தது. "முப்பத்துநாலு வருஷத்துல எனக்கு ஒரு மெமோ கிடையாது, சொர்ணம். இப்ப சும்மா இருக்கக்கூட லாயக்கில்லைன்னு எழுதிட்டுப் போறான்" என்றார்.

செப்டம்பர் கடைசியில் திடீரென்று காற்று மாறியது. அரையாண்டு அறிக்கை புதுச்சேரிக்குப் போக வேண்டும். 'பயனடைந்தோர்' என்ற கட்டத்தில் ஆறு அரையாண்டாகப் பூஜ்யம். இந்த முறையும் பூஜ்யம் என்றால் மையத்தை மூடிவிடுவதாகக் கடிதம் வந்திருந்தது. உடனே சம்பந்தத்தையும், ஓய்வு பெற்ற நூலகர் மங்கையர்க்கரசியையும் 'சான்றிதழைப் பின்னர் சமர்ப்பிக்கும் நிபந்தனையில்' சேர்த்துக்கொண்டார்கள். மங்கையர்க்கரசிக்கு மூட்டுவலி. தண்ணீர் என்றால் பயம். அரசு நூலகத்தில் முப்பது வருஷம், எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். நெரவி கிளை நூலகத்தில் காலியாக இருந்த பகுதிநேர உதவியாளர் வேலையைத்தான் அவர் கேட்டிருந்தார்.

இரண்டு பேருக்கும் மூன்று நாள் 'பகுதிநேர மனப்பான்மைப் பயிற்சி' நடந்தது. குணசேகரன் மைக் பிடித்தார். கேட்க இரண்டே பேர், இருந்தும் மைக்.

"முழுநேரம் உழைச்ச உடம்புக்குப் பகுதிநேரம் சட்டுன்னு வராது. பழகணும். என்னையே எடுத்துக்குங்க. முப்பத்தாறு வருஷம் சர்வீஸ். பேருக்குத்தான் முழுநேரம். ஆனா எனக்குள்ள ஒரு பகுதிநேர ஊழியன் ஆரம்பத்துலேர்ந்தே இருந்திருக்கான். பதினொரு மணிக்கு வருவேன், பன்னெண்டரைக்குச் சாப்பிடப் போவேன், மூணு மணிக்கு வந்து நாலு மணிக்குக் கெளம்பிருவேன். யாரும் எனக்குச் சொல்லித் தரல. அதுவா வந்துச்சு. அந்த அனுபவத்தைத்தான் இப்ப சமுதாயத்துக்குத் திருப்பிக் குடுக்கிறேன்."

இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

மூன்றாம் நாள் பொருத்தம் பார்த்தார்கள். கல்யாணத்துக்குக்கூடப் பத்துப் பொருத்தம்தான், இங்கே பதினாறு. 'ஐந்தாண்டுகளில் உங்களை எங்கே காண்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி. சம்பந்தம் நேர்மையான மனுஷர். யோசித்துப் பார்த்து, 'ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் சுடுகாடு' என்று எழுதினார். 'அமைதியான சூழலை விரும்புவார்' என்று அதற்கு மதிப்பெண் விழுந்தது. 'மன அழுத்தம் வந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு மங்கையர்க்கரசி, 'கொஞ்சம் தண்ணீர் குடிப்பேன்' என்று எழுதியிருந்தார். 'நீரில் நாட்டம் உடையவர்.'

முடிவு வந்தது. சம்பந்தம் நூலக உதவியாளர். மங்கையர்க்கரசி ஷட்டர் இயக்குநர்.

"சார், மாத்தி வந்திருக்கு போலிருக்கு" என்றாள் ஷர்மிளா.

"கம்ப்யூட்டர் மாத்திப் போடுமாம்மா?"

"ஐயா முப்பத்துநாலு வருஷம் ஷட்டர் பாத்தவரு சார். அம்மா முப்பது வருஷம் லைப்ரரி பாத்தவங்க."

"அதனாலதான் கூடாதுங்கிறேன். அனுபவம் உள்ளவன் பழைய மாதிரியே செய்வான். எதுவும் தெரியாதவங்கதான் நாம சொன்னபடி செய்வாங்க. நிர்வாகத்துக்கு அவங்கதான் வேணும்." சொல்லிவிட்டு உத்தரவில் பணி நேரத்தை எழுதினார்: காலை பத்து முதல் பன்னிரண்டு வரை.

சம்பந்தம் மேஜைக்குக் கிட்டே போனார். வேலை போனால் போகட்டும், இது பயிர் விஷயம். "சார், ஷட்டரை மணி வச்சித் திறக்க முடியாது. கடல் வத்தும்போதுதான் திறக்கணும். தெனம் முக்கா மணி தள்ளித் தள்ளிப் போவும்."

"கடல் நம்ம துறை இல்லியே" என்றார் குணசேகரன் பொறுமையாக. "எழுதிக் கேப்போம். அவங்க பக்கத்துலேர்ந்து பதில் வரட்டும்."

எழுதியும் போட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். கடல் யார் பொறுப்பு என்று நாலு துறைக்குப் போன அந்தக் கடிதம் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

சம்பந்தம் நூலகத்தில் போய் உட்கார்ந்தார். அஞ்சாங்கிளாஸ் படிப்பு. தெரிந்தவரைக்கும் புத்தகங்களை உயரவாரியாக அடுக்கினார். அங்கே மங்கையர்க்கரசி ஒரு கையில் குடையும் ஒரு கையில் கைப்பிடியுமாகப் போய், கண்ணை இறுக மூடிக்கொண்டு, சரியாகப் பத்து மணிக்கு ஷட்டரைத் திறந்து பன்னிரண்டு மணிக்கு மூடினார். முதல் மூன்று நாள் கடல் தற்செயலாக உத்தரவுக்குக் கட்டுப்பட்டது. அப்புறம் அதன் போக்கில் போய்விட்டது.

அடுத்த வாரம் செல்லையன் நூலகத்துக்குள் வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஷட்டரை ஒட்டி இரண்டு மா அவனுக்கு. "அண்ணே, நுனியெல்லாம் கருகிப்போச்சு. வாயில வச்சிப் பாத்தேன், தண்ணி கரிக்குது. கீழ்க்கரையில எட்டு மா போயிருச்சு. நாளைக்கு உங்களுது வரும்."

அவன் பின்னாலேயே மங்கையர்க்கரசியும் வந்தார். அழுது கண் சிவந்திருந்தது. "அண்ணே, நான் ஒரு நிமிஷம்கூட முன்னபின்ன ஆகாமத்தான் திறந்தேன்."

"அதாம்மா தப்பாப் போச்சு" என்றார் சம்பந்தம். கோபமாகத்தான் சொல்ல வந்தார். அந்த அம்மாளின் வீங்கின முழங்காலைப் பார்த்ததும் கோபம் வரவில்லை. கையை நீட்டினார். மங்கையர்க்கரசி கைப்பிடியைக் கொடுத்தார். நூலகச் சாவியை வாங்கிக்கொண்டார். அலமாரிப் பக்கம் போனதும், புத்தகங்களை உயரவாரியாக அடுக்கியிருந்ததைப் பார்த்து இன்னொரு தரம் அழுதார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடல் வத்தும் நேரத்தில் சம்பந்தம் ஷட்டரில் இருந்தார், அந்த அம்மாள் நூலகத்தில் இருந்தார். வருகைப் பதிவேட்டில் மட்டும் உத்தரவுப்படி அவரவர் இடத்தில் கையெழுத்து. ஷர்மிளாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "எனக்கு எதுவும் தெரியாதுங்கய்யா. தெரிஞ்சா ஏத்த வேண்டியிருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

உப்பு நின்றது, நூலகத்துக்கு ஆள் வர ஆரம்பித்தது. இரண்டு இடத்திலிருந்தும் புகாரே இல்லை என்றதும் குணசேகரனுக்குத் தலைகால் புரியவில்லை. பதினாறு பொருத்தத்தின் மகிமை என்று பதினாறு பக்கம் எழுதி அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து துறை இயக்குநரே நேரில் வருவதாகப் பதில் வந்தது. நெரவி கல்யாண மண்டபத்தில் 'பொருத்த வெற்றி விழா'. காலை பத்து மணி. பயனாளிகள் இருவரும் மேடையில் இருந்தாக வேண்டும். கூட்டம் காட்ட விவசாயிகள் முப்பது பேர் வர வேண்டும் என்றும் உத்தரவு.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் பிடித்தது மழை. ஐப்பசி மழை, விட்டால்தானே. விழா அன்று காலையில் வயலில் பயிரின் தலை மட்டும் தெரிந்தது. கடல் பதினொன்றுக்கு வத்தும். அதிலிருந்து இரண்டு மணி நேரத்தில் திறந்து வடித்துவிட்டால் பிழைத்தது. விட்டால் அடுத்த தடவை கடல் வத்தும் வரைக்கும் மூழ்கிக் கிடந்து அழுகிவிடும். சம்பந்தம் கைப்பிடியை ஒரு துண்டில் சுற்றி, மேடையில் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டு, கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

பத்தே காலுக்கு, "இயக்குநர் எல்லையில பூவம் கிட்ட வந்துட்டார்" என்றார் குணசேகரன் மைக்கில். பத்தே முக்காலுக்கும் பூவம் கிட்டேதான் இருந்தார். அதுவரை சும்மா இருப்பானேன் என்று குணசேகரன் பேச ஆரம்பித்தார்.

"ஓய்வு பெற்றவர்களை இந்தச் சமுதாயம் ஒதுக்கி வச்சிருக்கு. நாங்க அப்படி இல்ல. அவங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சி, படிவம் குடுத்து, கள ஆய்வு பண்ணி, பயிற்சி குடுத்து, அவங்களோட மீதி நாட்களைப் பூரா நாங்க எடுத்துக்கறோம். ஒரு லஸ்கரை எடுத்து அறிவு உலகத்துக்கு அனுப்பியிருக்கோம். இவருக்குப் புத்தகத்தை விட்டா இன்னிக்கு வேற உலகம் தெரியாது."

அறிவு உலகத்துக்காரர் மண்டபத்து ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றாகிவிட்டது. எழுந்து சொல்லலாம். சொன்னால் இடம் மாறிய குட்டு வெளிப்படும், அந்த அம்மாளுக்கு நூலகம் போய்விடும். அப்போது மங்கையர்க்கரசி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சார், மழை கொட்டுது. ஷட்டர் இயக்குநர் நான். போய்த் திறக்கணும். அனுமதி குடுங்க."

"இன்னிக்கு உங்களுக்கு ஆன் டியூட்டி போட்டிருக்கும்மா. ஷட்டரைத் திறந்ததுக்குத்தான் பரிசே குடுக்கப் போறோம். இப்பப் போய்த் திறக்கிறேன்னா என்ன அர்த்தம்? உக்காருங்க."

முன்வரிசையில் செல்லையன் தலையில் கையை வைத்துக்கொண்டான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொர்ணாம்பாள் தன் புருஷனையே பார்த்தாள். சம்பந்தம் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். குனிந்து துண்டு மூட்டையை எடுத்தார். மேடையை விட்டு இறங்கி, நடுவழியாக நடந்து, வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார்.

"சம்பந்தம், நூலகத்துக்கு இப்ப என்ன அவசரம்?" என்று மைக்கில் கேட்டார் குணசேகரன்.

செல்லையன் எழுந்தான். அப்புறம் சொர்ணாம்பாள், அப்புறம் முப்பது பேரும். இயக்குநரின் கார் மண்டப வாசலுக்கு வந்தபோது எதிரே ஒரு கூட்டமே மழையில் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. தன்னை வரவேற்கத்தான் வருகிறார்கள் என்று அவர் கையைக்கூட ஆட்டினாராம்.

ஷட்டர் பலகை ஊறி இறுகியிருந்தது. சம்பந்தமும் செல்லையனும் சேர்ந்து திருகினார்கள். முதல் ஜாண் ஏறியதும் தண்ணீர் சேறும் குப்பையுமாகக் கீழே பாய்ந்தது. பாசி தெரிந்தது, பாசிக்குக் கீழே கல் தெரிந்தது. ஒரு மணிக்குக் கடல் திரும்பும் நேரத்தில் மூடினார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியே வடித்தார்கள். ஏற்கெனவே உப்பில் போன எட்டு மா போக, மற்றதெல்லாம் தலை நிமிர்ந்தது. சொர்ணாம்பாள் வரப்பில் நின்று தன் மூன்று மாவைப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பதிவுத் தபாலில் தடித்த உறை ஒன்று வந்தது. சம்பந்தம் நூலகத்துக்கு எடுத்துப் போய் மங்கையர்க்கரசியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். விழா நாளன்று பதினொன்று முதல் பன்னிரண்டு வரை, நூலக உதவியாளராகிய தாங்கள் நூலகத்திலும் இல்லை, மேடையிலும் இல்லை. எனவே தாங்கள் எந்தப் பணியும் செய்யவில்லை என்று ஆய்ந்து முடிவு செய்யப்படுகிறது. தாங்கள் நீக்கப்படுகிறீர்கள். ஷட்டர் இயக்குநர் மங்கையர்க்கரசி மழை வெள்ளத்தில் ஆற்றிய சீரிய பணி பாராட்டப்படுகிறது. நூலகப் பணியிடத்துக்கு உரிய காலத்தில் தக்க நபர் தேர்வு செய்யப்படுவார். தலைமை ஆலோசகரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள் நீட்டிக்கப்படுகிறது.

கூடவே இன்னொரு தாள் இருந்தது. கெட்டியான தாள், மேலே அரசு முத்திரை. திருஞானசம்பந்தம் என்பவர் சும்மா இருந்ததை நேரில் கண்டோம் என்று இரண்டு கெஜட்டெட் அதிகாரிகள் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இதை இணைத்துப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று ஒரு குறிப்பு.

"அநியாயமா இருக்கே, அண்ணே. நான் போயிச் சொல்லிடறேன்" என்றார் அந்த அம்மாள்.

"சொன்னா இதையும் பூட்டிருவான். நீங்க பாட்டுக்குப் புஸ்தகத்தைப் பாருங்கம்மா. கைப்பிடி உங்க பேருலதானே இருக்கு? இருக்கட்டும்."

வீட்டில் சொர்ணாம்பாள் கேட்டாள். "என்ன எழுதியிருக்கான்?"

"நான் சும்மா இருக்கேனாம்."

"யாரு பாத்தா?"

"ரெண்டு ஆபீசருங்க, நேர்ல."

அவளுக்கு வந்த கோபத்தில் அவர்களுடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துப் பேசினாள். சம்பந்தம் அதைக் கேட்டுக்கொண்டே கிரீஸ் டப்பாவைத் தேடி எடுத்தார். டப்பா அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. சான்றிதழை எடுத்து விரித்து, கிரீஸை வழித்து அதில் வைத்து, நாலு பக்கமும் மடித்துப் பொட்டலம் கட்டினார். அன்றைக்குக் கடல் மூன்று மணிக்கு வத்தும். பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

நல்ல தாள். ஷட்டருக்குப் போய்ச் சேரும் வரை ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.